கெண்டைக்கு ஓர் ஆலம்பழம்

முதல் நாள், புதன்கிழமை இரவு, காரைக்குடி

பல்லவன் ரயிலில் வந்து இறங்கும்போது இரவு மணி பத்தை ஒட்டிவிட்டது. முதுகில் ஒரு பை, கையில் இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு குழாய். ஆட்டோக்கார அண்ணன் குழாயைத்தான் முதலில் பார்த்தார். "என்னண்ணே, நாயனமா?" என்றார். தூண்டில் என்றதும், "மெட்ராஸ்லேர்ந்து இங்கிட்டு மீன் பிடிக்கவா வாரீக?" என்று திரும்பி ஒரு தரம் பார்த்துவிட்டு, எந்தக் கண்மாயில் எவ்வளவு கிடக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழையாம். மாசி கடைசியிலும் பல கண்மாய்களில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறதாம். எனக்கு அதைவிட நல்ல சேதி வேண்டியதில்லை.

குழாய்க்குள் இருப்பது ஃப்ளை ராடு. நான்கு துண்டாகக் கழற்றலாம், மாட்டினால் ஒன்பது அடி. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூசி நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும்தான், கையில் வைத்தால் கனமே தெரியாது. கனமெல்லாம் கயிற்றில். பூச்சு ஏற்றிய தடித்த கயிறு அது. தலைக்குப் பின்னால் அதை முழுக்க விரிய விட்டு, விரிந்து முடிந்த கணத்தில் முன்னால் தள்ள வேண்டும். காற்றில் உருண்டு போய், நுனியில் உள்ள பூச்சியைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கும். ஃப்ளை என்று சொல்லிக்கொண்டிருக்காமல் இனிமேல் பூச்சி என்றே எழுதுகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது நீலகிரியில், டிரவுட் மீனுக்காக. அந்த ஓடைகளை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் வருஷா வருஷம் மலையேறும்போது ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. எங்கள் அப்பா மண்புழு கோத்துக் கெண்டை பிடித்தது மேலூர்ப் பக்கத்துக் கண்மாயில். அந்த மீனை நான் கிலோ என்ன விலை என்றுதான் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் அது எப்படி வாழ்கிறது என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இந்த மீனை இளக்காரமாகப் பார்ப்பது நாம் மட்டுமில்லை. 1877இல் அமெரிக்க அரசின் மீன் ஆணையமே ஐரோப்பாவிலிருந்து சாதாக் கெண்டையை ஆசை ஆசையாக வரவழைத்தது. கொஞ்ச வருஷத்தில் அதுவே அங்கே குப்பை மீன் ஆகிவிட்டது. இப்போது அதே நாட்டில் பூச்சித் தூண்டில்காரர்கள், ஏமாற்ற மிகக் கடினமான மீன்களில் ஒன்று என்று அதைத் தேடிப் போகிறார்கள். நம் பக்கத்திலும் ஒருவர் இருந்திருக்கிறார். மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1887இல் இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனியாக ஒரு புத்தகமே போட்டார். அப்புறம் நம் கண்ணெல்லாம் மலைக்கே போய்விட்டது.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை

கண்மாயின் பெயரை எழுத வேண்டாம் என்று காவல்கார ஐயா கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடி போகும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டில் தண்ணீரைக் கண்ட இடத்தில் தூண்டில் போட முடியாது. ஊருணி என்றால் குடிதண்ணீர், கால் நனைக்கவே விடமாட்டார்கள், விடவும் கூடாது. கண்மாய் பாசனத்துக்கு. அதில் உள்ள மீன், மீன்பாசி என்கிற மீன்பிடி உரிமையை ஏலம் எடுத்த குத்தகைக்காரருடையது. நான் தங்கியிருக்கும் வீட்டு ஆச்சிதான் அவரிடம் போனில் பேசிவிட்டார். போட்ட நிபந்தனை ஒன்றுதான். பிடித்த மீனை உயிரோடு திருப்பி விட்டால் காசு வேண்டாம், செத்தால் எடைக்குக் காசு. நியாயம்தானே, குஞ்சு வாங்கி விட்டவர் அவர்.

விடிகாலை ஐந்தரைக்குக் கரை ஏறினேன். காவல்கார ஐயாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, கையில் பேட்டரி லைட்டு. "வாங்க தம்பி. ஆச்சி சொன்னாக" என்றார். ராடை மாட்டுவதை முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இரை எங்க?" என்று கேட்டார். பூச்சிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். தும்பியின் குஞ்சு தண்ணீருக்கடியில் சேற்றில் புழுவாகத்தான் வாழும், அதைப் போலச் சேவல் கழுத்து இறகில் கட்டியது ஒன்று இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தவர், "இது எங்க சேவல் எறகால்ல இருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார். இந்தியச் சேவலின் கழுத்து இறகை வெளிநாட்டுப் பூச்சி கட்டுபவர்கள் காலங்காலமாக வாங்குகிறார்கள்.

வெளிச்சம் வந்ததும் கரைக்கு உட்புறம் தண்ணீர் தேங்கும் உள்வாய்ப் பக்கம் கூட்டிப் போய்க் காட்டினார். நாட்டுக் கருவேல மரங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன. அவற்றுக்கு அப்பால் அல்லிக்கொடி. செம்மண் கலங்கல் வடிந்து, ஓரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்குத் தெளிந்திருந்தது. அங்கே ஒரு இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி, கைப்பிடி கடுகை அள்ளிப் போட்டதுபோல. குமிழி மெல்ல நகர்ந்தது. அதன் பின்னாலேயே ஒரு வாலின் நுனி மேலே வந்து, செம்பு நிறத்தில் நின்று ஆடியது.

சாதாக் கெண்டை மேய்கிற அழகு அது. தலையைக் கீழே குத்தி, வாயைக் குழல்போல நீட்டிச் சேற்றை உறிஞ்சும். புழு, நத்தை, விதை எது கிடைத்தாலும் வைத்துக்கொண்டு மீதியைத் துப்பும். வாயில் பல் கிடையாது, பல்லெல்லாம் தொண்டையில். வாய்க்குள் போனது தின்னக்கூடியது இல்லையென்றால் அந்த நொடியே வெளியே வந்துவிடும். கையில் ஓர் இழுப்பும் தெரியாது. மீனின் தலை லேசாகத் திரும்புவதைக் கண்ணால் பார்த்துத்தான் கயிற்றை இழுக்க வேண்டும்.

நான்கு அடி முன்னால் பூச்சியைப் போட்டேன். வீச்சு நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் கயிற்றின் நிழல் மீனின் முதுகில் ஓடிவிட்டது. புஸ்ஸென்று சேறு கிளம்ப, மீன் போயே போய்விட்டது. அடுத்த மீனிடம் கருவேல முள்ளில் பின்வீச்சு மாட்டிக்கொண்டது. மூன்றாவது, நான் கரையில் கால் மாற்றி நின்றதற்கே விலகியது. ஒன்பது மணி வரை ஏழு மீனுக்கு வீசியிருப்பேன், ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்குக் காது ரொம்பக் கூர்மை தம்பி" என்றார் ஐயா. அவர் அனுபவத்தில் சொன்னதற்கு உடற்கூறு சாட்சி சொல்லும். கெண்டை இனத்துக்குக் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் இடையில் சிறு எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. தண்ணீரில் வரும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கி, அந்த எலும்புகள் வழியாகக் காதுக்கு அனுப்பிவிடும். டிரவுட்டுக்கு இந்த வசதி கிடையாது. மலையில் நான் பழகிய நடை இங்கே செண்டை மேளம் அடித்துக்கொண்டு போவதற்குச் சமம்.

ஒன்பதரைக்கு ராடைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் சுட ஆரம்பித்தால் அதில் பிராணவாயு குறையும், அந்த நேரத்தில் பிடிபட்டு மல்லாடிய மீன் விட்டாலும் பிழைப்பது சிரமம். மீதிப் பொழுது ஐயாவோடு மடைப்பக்கம் பேச்சு. இங்கே கட்லா மேல்தண்ணியில், ரோகு நடுவில், மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் வடக்கே கங்கைச் சமவெளிச் சொந்தம், தேங்கின தண்ணீரில் முட்டையிடாது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி இந்தியப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டியதால்தான் ஊர் ஊராகக் குஞ்சு கிடைக்க ஆரம்பித்தது. சாதாக் கெண்டை அயல்நாட்டுக்காரன். 1939இல் இலங்கை வழியாக நீலகிரிக்கு வந்தது கண்ணாடிக் கெண்டை. 1957இல் பாங்காக்கிலிருந்து வந்த இன்னொரு வகைதான் சமவெளி வெயிலுக்குப் பழகிக் கண்மாய்களுக்கு இறங்கியது. ஐயாவின் வயசுதான் அதற்கும் இருக்கும், கொஞ்சம் கூட.

பக்கத்து மடுவில் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்த பையன் ஒரு ஜிலேபிக் கெண்டையைத் தூக்கிக் காட்டினான். அதன் வாயிலிருந்து கடுகளவு கண்ணோடு குஞ்சுகள் பொலபொலவென்று அவன் விரலில் கொட்டின. தாய் வாய்க்குள்ளேயே அடைகாக்கிற சாதி அது. அவன் ஒரு வார்த்தை பேசாமல் கையைத் தண்ணீருக்குள் விட்டான். குஞ்சும் தாயும் போய்விட்டன.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை

இன்றைக்குத் தூண்டில் இல்லை. காலையில் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக்குப் போய்வந்தேன். 1977லிருந்து பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளக் கூடாது என்று சுற்றுக் கிராமத்தார் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை. பாதிப் பறவைகள் கிளம்பிவிட்டிருந்தன. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வர்ணக் கலவை ஊற்றித் தரைக்கல் செய்வதையும் பார்த்தேன். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

பயணத்தின் முக்கியமான ஒரு மணி நேரம் சாயங்காலம்தான் வாய்த்தது. ஒரு ஊருணி. பெரிய வீடுகளின் ஓட்டுச் சரிவில் விழும் மழையெல்லாம் வாய்க்கால் பிடித்து வந்து சேருகிற செம்புறாங்கல் ஊருணி. மேல் படியில் உட்கார்ந்திருந்தேன். தென்கரையில் ஓர் ஆலமரம், கிளை பாதித் தண்ணீருக்கு மேல் நீண்டிருந்தது. பழம் சிவந்திருந்த நேரம். மைனாவும் குக்குறுவானும் தின்றதைவிடத் தட்டிவிட்டதுதான் அதிகம்.

பொத்.

பழம் விழுந்த இடத்தில் வளையம் விரிவதற்குள் நாலைந்து கெண்டை அம்புபோல வந்தன. ஒன்று வாயைத் திறந்து பழத்தை உள்ளே வாங்கிக்கொண்டு திரும்பியது. அடுத்து ஒரு காய்ந்த இலை விழுந்தது, சத்தமே இல்லை. ஒரு மீனும் அசையவில்லை. மறுபடி பொத். மறுபடி ஓட்டம். படிக்கட்டில் குடத்தோடு இறங்கிய அப்பத்தா ஒருவர் நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அது தினமும் அப்புடித்தேன். பழம் விழுகுற சத்தத்துக்குக் காத்துக் கெடக்கும்" என்றார்.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டு நினைவுக்கு வந்தது. வயலோர மாமரத்திலிருந்து பழுத்துத் தானாக விழும் பழத்தைக் குளத்து வாளை கவ்வும் ஊர்க்காரன் என்று ஒருத்தி சொல்கிற பாட்டு. பள்ளிக்கூடத்தில் அதை உவமையாகத்தான் படித்தேன். எழுதியவர் இப்படி ஒரு கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

நான் கற்ற வித்தையின் முதல் பாடம், பூச்சி இறகு இறங்குவதுபோலச் சத்தமில்லாமல் விழ வேண்டும் என்பது. ஓடைக்கு அது சரி. ஆலமரத்தடிக் கெண்டைக்கு அந்தப் பாடம் உதவாது.

ராத்திரி உட்கார்ந்து பழம் கட்டினேன். முதலில் சிவப்பு உல்லன் நூலை முள்ளில் சுற்றி உருண்டையாகக் கத்தரித்தேன். பார்க்க அச்சு அசல் ஆலம்பழம். வாளித் தண்ணீரில் போட்டால் சத்தமே வரவில்லை. கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்த ரப்பர்த் துண்டைச் சுண்டைக்காய் அளவுக்குச் செதுக்கி, உள்ளே முள்ளின் தண்டில் எலக்ட்ரிக் கடை ஈயக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, மேலே சிவப்பு நூல். வாளியில் போட்டேன். டப் என்றது. ஈயத்தை ஒரு சுற்றுக் குறைத்தேன். அதுவும் டப். நூலை இன்னும் தளர்வாகச் சுற்றினேன். நாலாவது உருண்டைதான் பொத் என்றது. வீட்டின் உள்முற்றமான வளவில் அந்த நேரத்தில் வாளிச் சத்தம் கேட்டு ஆச்சி எழுந்து வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒரு தரம் போட்டுக் கேட்டார்.

நான்காம் நாள், சனிக்கிழமை

கண்மாய்க் கரையில் ஐயனார் கோவிலை ஒட்டி ஓர் ஆலமரம் இருப்பதை வியாழக்கிழமையே பார்த்திருந்தேன். அங்கே போடலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். "சாமி இடம் கரைக்கு இங்கிட்டு. தண்ணியில போடுறதுக்கு ஒண்ணுமில்ல. செருப்பக் கழட்டிருங்க" என்றார். செருப்பைக் கழற்றியது மீனுக்கும் நல்லதாகப் போயிற்று. வெறுங்காலில் மண் குதிரைகளைத் தாண்டி இறங்கினேன்.

விழுது தொங்குகிற இடத்தில் பின்வீச்சுக்கு வழியே கிடையாது. கயிற்றைத் தண்ணீரிலேயே கிடத்தி, ராடை மெல்லப் பின்னால் சாய்த்து, சட்டென்று முன்னால் உருட்டிவிட வேண்டும். ஆசைக்கு முதலில் உல்லன் பழத்தையே போட்டேன். மெத்தென்று இறங்கி ஊறி அமிழ்ந்தது. மூன்று தரம் போட்டும் பதில் இல்லை. அப்புறம் ரப்பர்ப் பழத்தை மாட்டினேன். மரத்திலிருந்து நிஜப் பழம் ஒன்று விழும் வரை காத்திருந்து, அதற்கு இரண்டடி தள்ளிப் போட்டேன்.

பொத்.

தண்ணீர் உள்ளிருந்து உப்பியது. இரண்டு சோடி மீசை, நடுவில் வட்ட வாய், பழத்தைச் சுற்றி மூடிக்கொண்டது. இழுக்காமல் ஒரு மூச்சு பொறுத்தேன். மீன் திரும்பியது. இடது கையால் கயிற்றை நீளமாக ஓர் இழுப்பு.

அதற்குப் பிறகு ரீல் கத்திய கத்தலில் கோவில் மரத்துக் காக்காயெல்லாம் கிளம்பிவிட்டன. கெண்டை துள்ளிக் குதிக்கிற மீன் இல்லை. அடியோடு அடியாக ஒரே பிடிவாதமாகப் போகும், வண்டிமாடு மேட்டில் இழுக்கிற மாதிரி. கயிறு முழுக்கப் போய், அதற்கும் பின்னால் சுற்றியிருந்த மெல்லிய நூலும் ஓடியது. மீன் நேரே அல்லிக்கொடிக்குப் போகிறது. அங்கே புகுந்தால் அறுந்துவிடும். ராடைத் தண்ணீருக்குப் படுக்கையாகச் சாய்த்துப் பக்கவாட்டில் இழுத்தேன். கொடிக்கு ஓர் ஆள் நீளம் இருக்கையில் மீன் தலையைத் திருப்பியது. இப்படிப் போயும் வந்துமாகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கை நடுங்கியது.

ஐயா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். "முதுகுல கை வைக்காதீக. மொத முள்ளு அரம் மாதிரி, வலையவே அறுத்துரும்." வயிற்றுக்கடியில் நனைந்த கையைக் கொடுத்து அவர்தான் ஏந்திப் பிடித்தார். மூன்று கிலோவுக்குக் குறையாது என்றார். ஒவ்வொரு செதிலுக்கும் ஓரத்தில் கறுப்புக் கோடு, நடுவில் பழைய பித்தளைக் குத்துவிளக்கின் நிறம். வால் அடியில் ஆரஞ்சு. கண் பொன் வளையத்துக்குள் உருண்டு என்னைப் பார்த்தது. இத்தனை வருஷமாகச் சந்தையில் ஐஸில் கிடந்துதான் இந்த மீனைப் பார்த்திருக்கிறேன், இந்த நிறமெல்லாம் அங்கே இருந்ததே இல்லை.

முள்ளின் உட்புறம் எதிராக நிற்கும் கொம்பை முன்னமே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்ததால், ஒரு திருப்பலில் கழன்றது. மீனை நிமிர்த்தி, தலையைக் காற்று வரும் பக்கம் வைத்துப் பிடித்திருந்தோம். செவுள் இரண்டு, மூன்று, நாலு தரம் திறந்து மூடியது. ஐயாவின் கையை ஒரு வால் வீச்சில் தட்டிவிட்டுப் போனது.

அவர் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாப்பது வருஷமா இந்தக் கம்மாயில மீன் அள்ளுறேன். ஒண்ணக்கூட இப்புடிப் போறதப் பாத்ததில்ல" என்றார்.

அப்புறம் ஒரு ரோகு ஒட்டிவந்து விட்டுவிட்டது. ஜிலேபி நாலு, அதை மட்டும் குத்தகைக்காரரிடம் எடை போட்டுக் காசு கொடுத்து ஆச்சியிடம் சேர்த்தேன். மத்தியானம் குழம்பு. அரைத்த மிளகும் சோம்பும் கையைக் கழுவிய பிறகும் மணத்துக்கொண்டிருந்தன.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

ராத்திரி பஸ். காலையில் கடைசியாக ஒரு தரம் கண்மாய்க்குப் போனேன். மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்குப் பக்கம் தண்ணீருக்கு மேலே ஒரு சிவப்பு மேகம் கொதிப்பதுபோல் தெரிந்தது. விரால் பார்ப்பு. நூற்றுக்கணக்கான குஞ்சு ஒன்றாக மூச்செடுக்க மேலே வந்து வந்து போயின. அடியில் கறுப்பாக ஒரு நிழல், காவலுக்கு நிற்கிற விரால். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், குஞ்சுக்கு ஆபத்து என்று. பிடிப்பதற்கு அதைவிடச் சுலபமான மீன் கிடையாது. அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன் தின்றுவிடும். நான் ராடைக் கீழே வைத்துவிட்டேன், ஐயாவும் வலையை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

கிளம்புவதற்கு முன்னால், "அத ஒரு தரம் குடுங்க தம்பி" என்று ராடைக் கேட்டார். பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு சரி. வீச்சு வலை வீசிப் பழகிய தோள் அது. வலையும் விரிகிற வரை பொறுத்துத்தான் கையை விட வேண்டும். இரண்டாவது வீச்சிலேயே கயிறு அழகாக உருண்டு போனது. எனக்கு அந்த உருட்டல் வருவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று.

ஆலமரத்தடியில் சிவப்பு உருண்டை போய் விழுந்தது. மீன் ஒன்றும் வரவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. தலையைச் சாய்த்து, வளையம் விரிவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சத்தம் சரியா இருக்குல்ல?"